ஹித்தீனின் 'துரோகி': தராபுலுஸ் பிரபு ரைமண்டின் கதை

சில மாதங்களுக்கு முன்னர் எமது ஊர்ப் பள்ளிவாசலில் ஒரு கூட்டம் நடந்தது. பக்கத்து ஊருடன் இருந்துவரும் காணிப் பிரச்சினை ஒன்று தொடர்பில் என்ன செய்வது என்பதே பேச்சு. வழக்குப் போட வேண்டும் என்று பலரும் சத்தமிட்டுக் கொண்டிருந்த நேரத்தில் வயதான ஹாஜியார் ஒருவர் எழுந்தார். நீதிமன்றம் போக முன்னர் அவர்களுடன் ஒரு தடவை உட்கார்ந்து கதைத்துப் பார்ப்போம் என்றார். பின்வரிசையிலிருந்து ஒருவர் அவரைத் துரோகி என்றார். சிலர் சிரித்தார்கள். ஹாஜியார் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார். அதன் பின்னர் அவர் சொன்ன யோசனை சரியா பிழையா என்று அந்தச் சபையில் எவரும் கதைக்கவில்லை. நானும் கதைக்கவில்லை.

அன்றிரவு எனக்கு எண்ணூறு வருடங்களுக்கு முன்னர் வாழ்ந்த ஒரு மனிதரின் ஞாபகம் வந்தது. அவர் முஸ்லிம் அல்லர். எமக்கு எதிராகப் போரிட்ட சிலுவை வீரர்களின் பெரும் பிரபுக்களில் ஒருவர். தராபுலுஸ், அதாவது இன்று லெபனானில் திரிப்போலி என்று அழைக்கப்படும் நகரின் கோமகன் மூன்றாம் ரைமண்ட். அரபு வரலாற்றாசிரியர்கள் அவரை 'அல்-கூமிஸ்' என்று எழுதுவார்கள். கோமகன் என்பதே அதன் பொருள்.

ஹித்தீன் என்றதும் எமக்கு ஸுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியின் வெற்றிதான் நினைவுக்கு வரும். வெற்றி பெற்றவரின் பக்கம் நின்றே அந்தக் கதையை நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். தோற்றவர்களின் பக்கம் போய் அவர்கள் ஏன் தோற்றார்கள் என்று பார்த்தால் அங்கேயும் எமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அந்தப் பாடத்தின் நடுவில் நிற்பவர் இந்த ரைமண்ட்.

அவர் பிறந்தது ஏறத்தாழ 1140ஆம் ஆண்டளவில். தாய் ஹொடியர்னா ஜெரூஸலம் அரச குடும்பத்துப் பெண். 1152இல் தந்தை இரண்டாம் ரைமண்ட் தராபுலுஸ் நகர வாசலில் வைத்து பாதினிய்யாக் கொலையாளிகளால் வெட்டிக் கொல்லப்பட்டார். அப்போது மகனுக்குப் பன்னிரண்டு வயதளவில்தான் இருக்கும். அந்த வயதில் கோமகனானார்.

1164இல் ஹாரிம் என்ற இடத்தில் நூருத்தீன் ஸன்கியின் படையுடன் நடந்த போரில் சிலுவை வீரர்கள் படுதோல்வி அடைந்தார்கள். ரைமண்ட் கைதியானார். ஹலப், அதாவது அலெப்போவில் ஏறத்தாழ பத்து வருடங்களைச் சிறையில் கழித்தார். 80,000 பொற்காசுகள் மீட்புத் தொகையாகப் பேசப்பட்ட பின்னரே விடுதலை கிடைத்தது. முழுத் தொகையையும் ஒரேயடியாகக் கட்ட முடியாமல் பணயக் கைதிகளை வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தார். இளமையின் நல்ல காலம் முழுவதும் முஸ்லிம்களின் நடுவே கழிந்ததால், மற்றைய பிரபுக்களுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்திருந்தது. எதிர்த்தரப்பிலும் சொல் காப்பவர்களும் இருக்கிறார்கள், கணக்குப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களுடன் பேச முடியும் என்பதுதான் அது.

1174இல் ஜெரூஸலம் மன்னர் அமல்ரிக் இறந்தார். அடுத்து மன்னரான நான்காம் போல்ட்வினுக்கு வயது பதின்மூன்று. அத்துடன் தொழுநோயாளி. மன்னர் பருவமடையும் வரை ஆட்சியைப் பொறுப்பேற்றவர் ரைமண்ட். அதே காலத்தில் கலிலேயாவின் உரிமைக்காரியான எஷிவா என்ற விதவையைத் திருமணம் செய்தார். அதனால் தபரிய்யா நகரும் அவர் கைக்கு வந்தது. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எஷிவாவின் முதல் கணவரின் நான்கு ஆண்மக்களும் அவர் நிழலிலேயே வளர்ந்தார்கள்.

ஆட்சிப் பொறுப்பில் இருந்தபோது, சிரியாவில் வளர்ந்துவந்த ஸலாஹுத்தீனுடன் 1175இல் உடன்பாடு ஒன்று ஏற்பட்டது. தராபுலுஸ் கோமகன் தந்த பணயக் கைதிகளும் அதன்போது திரும்பக் கிடைத்தார்கள். நாட்டுக்காக உடன்பட்டாரா, தனக்காக உடன்பட்டாரா என்ற சந்தேகம் இங்கேதான் முளைக்கத் தொடங்கியது. 1180இல் ரைமண்ட் படையுடன் ஜெரூஸலம் ராஜ்ஜியத்துக்குள் வந்தபோது தன்னைக் கவிழ்க்க வருகிறார் என்று மன்னர் பயந்தார். அவசர அவசரமாகத் தனது சகோதரி ஸிபில்லாவை கீ டி லூஸின்யான் என்ற பிரெஞ்சுப் பிரபுவுக்குத் திருமணம் செய்து கொடுத்தார். 1182இல் ரைமண்டை எல்லையில் வைத்தே திருப்பி அனுப்பவும் முனைந்தார். பின்னர் சமாதானமானார்கள்.

ரைமண்டை ஒரு தியாகியாகக் காட்ட நான் இதை எழுதவில்லை. அவர் பதவி ஆசை உள்ள மனிதர். ஜெரூஸலம் சிம்மாசனத்தின் மீது அவருக்கு ஒரு கண் இருந்தது என்று அவரது காலத்தவர்களே நம்பினார்கள். 1184இல் அந்தப் பகுதியைக் கடந்து சென்ற அந்தலூஸியப் பயணி இப்னு ஜுபைர் அவரைச் சபித்துக்கொண்டே, தந்திரமும் கூர்மையும் உள்ளவர், அரசாளத் தகுதியானவர் என்று எழுதி வைத்திருக்கிறார். எதிரியைச் சபிப்பதும் அவரது திறமையை ஒப்புக்கொள்வதும் ஒரே பேனையில் வருவது அக்காலத்து எம்மவர்களிடம் இருந்த ஒரு நேர்மை.

1185இல் தொழுநோய் மன்னர் இறந்தார். அவரது சகோதரியின் மகனான சிறுவன் ஐந்தாம் போல்ட்வின் மன்னரானான். மீண்டும் ஆட்சிப் பொறுப்பு ரைமண்டிடம் வந்தது. அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று ஸலாஹுத்தீனுடன் நான்கு வருடப் போர்நிறுத்தம் செய்துகொண்டது. இரு தரப்புக்கும் மூச்சுவிட அவகாசம் தேவைப்பட்ட காலம் அது.

அடுத்த வருடமே சிறுவன் இறந்துவிட்டான். ரைமண்ட் தபரிய்யாவில் இருந்த வேளை, எதிரணியினர் முந்திக்கொண்டு ஸிபில்லாவுக்கு முடிசூட்டினார்கள். அவள் தனது கணவர் கீயின் தலையில் முடியை வைத்தாள். நாப்லுஸில் கூடியிருந்த ரைமண்டின் அணி வேறொரு மன்னரை நிறுத்த முயன்றது. அவர்கள் தெரிவு செய்த இளைஞர் ஹம்ப்ரியோ இரவோடிரவாக ஓடிப்போய் கீயிடம் சரணடைந்தார். மற்றப் பிரபுக்களில் அநேகர் ஒவ்வொருவராகப் பணிந்தார்கள். ரைமண்ட் பணியவில்லை. தபரிய்யாவுக்குத் திரும்பி, கீ தன்னைத் தாக்கினால் உதவ வேண்டும் என்று ஸலாஹுத்தீனிடம் கேட்டார். ஸுல்தான் தயங்கவில்லை, உதவிப் படையை அனுப்பினார்.

இங்கே ஒரு கேள்வி வருகிறது. இது துரோகமா?

அந்தக் காலத்து ஐரோப்பியப் பிரபுக்களிடம் துரோகம் என்றால் முதலில் ஒரே பொருள்தான். ஒருவன் தனது தலைவனின் கைகளுக்குள் தனது கைகளை வைத்துச் செய்த விசுவாசப் பிரமாணத்தை முறிப்பது. நாடு, தேசம் என்று நாம் இன்று சொல்லும் கருத்து அங்கே அவ்வளவாக இல்லை. மனிதனுக்கு மனிதன் கொடுத்த சத்தியமே அரசியலின் அத்திவாரம். ரைமண்ட் கீக்கு அந்தப் பிரமாணத்தைச் செய்திருக்கவில்லை. ஆனால் அவர் ஆண்ட கலிலேயா ஜெரூஸலம் ராஜ்ஜியத்துக்குச் சொந்தமான நிலம். ஆகவே சட்டப்படி பார்த்தாலும் இரு பக்கமும் வாதாட இடமிருந்தது.

அதற்கு மேலால் வேறு ஒரு சாயம் ஏறியது. ரோலண்ட் பாடல் என்ற பிரெஞ்சு வீரகாவியத்தைக் கேட்டு வளர்ந்த பரம்பரை அது. அதில் வரும் கனலோன் என்ற பிரபு முஸ்லிம்களுடன் இரகசியமாகக் கூடித் தன் சொந்தப் படையைக் காட்டிக் கொடுப்பவன். யூதாஸுக்கு அடுத்த இடம் அவனுக்குத்தான். முஸ்லிம்களுடன் பேசுகிற பிரபுவைக் கண்டால் அந்தப் பழைய முகத்தை அவர் மேல் ஒட்டிவிடுவது அவர்களுக்கு இலகுவாக இருந்தது.

முஸ்லிம்களுடன் உடன்பாடு செய்த முதல் பிரபு ரைமண்ட் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். 1140இலேயே ஜெரூஸலம் ராஜ்ஜியம், இமாதுத்தீன் ஸன்கிக்கு எதிராக டமஸ்கஸ் முஸ்லிம் ஆட்சியாளருடன் கூட்டுச் சேர்ந்தது. இரு தரப்பிலும் தேவைக்கு ஏற்பக் கூட்டுச் சேர்வது வழக்கமாகவே இருந்தது. ஸலாஹுத்தீன் மீதும் பழி இருந்தது. நூருத்தீன் இறந்த பின்னர் அவரது சிறு வயது மகனிடமிருந்து டமஸ்கஸை எடுத்துக்கொண்ட நன்றி கெட்டவர் என்று ஸன்கி குடும்பத்து ஆதரவாளர்கள் அவரைப் பற்றிக் கதைத்தார்கள்.

இனி மறு பக்கத்தைப் பாருங்கள். கரக் கோட்டையின் பிரபு ரெனால்ட் டி ஷாட்டியோன். 1150களில் அந்தாக்கியாவை ஆண்டபோது, தனக்குப் பணம் தர மறுத்த தன் சொந்த மதத்துப் பேராயரை அடித்து, தலையில் தேன் பூசி வெயிலில் உட்கார வைத்தவர். கிறிஸ்தவத் தீவான சைப்பிரஸைக் கொள்ளையிட்டவர். 1182, 1183 காலப்பகுதியில் செங்கடலில் கப்பல்களை இறக்கி ஹாஜிகளின் பாதையில் கொலையும் கொள்ளையும் செய்வித்தவர். அவரது ஆட்கள் மதீனா முனவ்வராவை நெருங்கும் அளவுக்கு வந்தார்கள். போர்நிறுத்தம் நடப்பில் இருந்தபோதே வியாபாரக் கூட்டம் ஒன்றைத் தாக்கிப் பிடித்தார். பொருட்களைத் திருப்பிக் கொடுக்கும்படி மன்னர் கீ கேட்டும் மறுத்தார். தன் மன்னரின் கட்டளையையே மீறிய மனிதர் இவர். இருந்தும் எவரும் இவரைத் துரோகி என்று அழைக்கவில்லை. இறந்த பின்னர் மேற்கில் இவரைத் தியாகியாகப் போற்றி நூலே எழுதினார்கள்.

எனக்கு இந்த இடத்தில்தான் மனம் நிற்கிறது. ஒப்பந்தத்தை முறித்து முழு ராஜ்ஜியத்தையும் ஆபத்தில் தள்ளியவர் வீரர். ஒப்பந்தம் செய்தவர் துரோகி. எதிரியை உரத்துத் திட்டுகிறவனின் தீமை தன் ஆட்களின் கண்ணுக்குத் தெரிவதில்லை. எதிரியுடன் கதைக்கிறவனின் நன்மையும் தெரிவதில்லை.

ஆனாலும் ரைமண்டின் கணக்கில் பெரிய பிழை ஒன்று உண்டு. 1187 ஏப்ரல் இறுதியில் ஸலாஹுத்தீனின் மகன் அல்-அஃப்ழல், தனது படையணி ஒன்று கலிலேயா ஊடாகச் செல்ல அனுமதி கேட்டார். ரைமண்டால் மறுக்க முடியவில்லை. சூரியன் உதித்த பின் வந்து மறையும் முன் திரும்ப வேண்டும், ஊர்களுக்கும் வீடுகளுக்கும் எந்தச் சேதமும் செய்யக்கூடாது என்ற நிபந்தனையுடன் அனுமதித்தார். தன் பக்கத்து மக்களுக்கும் வெளியே வர வேண்டாம் என்று செய்தி அனுப்பினார். அதே நேரத்தில் அவரைச் சமாதானப்படுத்த மன்னர் அனுப்பிய தூதுக்குழு வந்துகொண்டிருந்தது. அதில் இருந்தவர்களில் ஒருவர் டெம்ப்ளர் அமைப்பின் தலைவர் ஜெராட் டி ரிட்ஃபோர்ட். இவருக்கு ரைமண்ட் மீது பழைய கோபம் இருந்தது. தனக்குத் தருவதாகச் சொன்ன பணக்காரப் பெண்ணை ரைமண்ட் பைஸா நகரத்து வியாபாரி ஒருவருக்குத் திருமணம் செய்து கொடுத்துவிட்டார் என்பதே அந்தக் கோபத்தின் காரணம் என்று அக்கால ஏடுகள் சொல்கின்றன.

செய்தி கிடைத்ததும் ஜெராட் ஒதுங்கவில்லை. நூற்று நாற்பது அளவான குதிரைவீரர்களைச் சேர்த்துக்கொண்டு, தம்மைவிடப் பல மடங்கு பெரிய படை மீது மே 1ஆம் திகதி பாய்ந்தார். வேண்டாம் என்றவர்களைக் கோழை என்றார். ஜெராட்டும் இன்னும் ஓரிருவரும் தப்பினார்கள். மற்றவர்கள் அழிந்தார்கள். அன்று மாலை, கொடுத்த வாக்கின்படி சூரியன் மறையும் முன்னர் முஸ்லிம் படை தபரிய்யாவைக் கடந்து திரும்பியது. ஊர்களுக்குச் சேதமில்லை. ஆனால் ஈட்டி முனைகளில் டெம்ப்ளர்களின் தலைகள் இருந்தன. ரைமண்ட் அதைக் கோட்டையிலிருந்து கண்டார்.

ஒப்பந்தத்தின் எழுத்து காக்கப்பட்டது. அவரது மனம் உடைந்தது. தன் பக்கத்தவர்களின் அழுத்தமும் சேர்ந்துகொள்ள, உதவிக்கு வந்திருந்த முஸ்லிம் படையை அனுப்பிவிட்டு மன்னர் கீயிடம் போய்ப் பணிந்தார். வெளியில் சமாதானம் ஆயிற்று. துரோகி என்ற சொல் மட்டும் அவருடனேயே வந்தது.

ஜூலை 2ஆம் திகதி ஸலாஹுத்தீன் தபரிய்யாவைத் தாக்கினார். நகரம் விழுந்தது. உள்கோட்டையில் அகப்பட்டிருந்தவர் ரைமண்டின் மனைவி எஷிவா. சிலுவை வீரர்களின் முழுப் படையும் அப்போது நீர்வளம் உள்ள சஃபூரிய்யாவில் முகாமிட்டிருந்தது. 1,200 அளவான பிரபுக் குதிரைவீரர்களும் ஆயிரக்கணக்கான காலாட்களும் அங்கே இருந்தார்கள். சபை கூடியது. தபரிய்யாவைக் காப்பாற்றப் போக வேண்டும் என்றார்கள். போக வேண்டாம் என்று சொன்ன மனிதர் ரைமண்ட். நகரம் என்னுடையது, உள்ளே இருப்பவள் என் மனைவி, அது போனால் இழப்பு எனக்கு, ஆனால் கோடை வெயிலில் தண்ணீரில்லாத பாதையில் இந்தப் படை நடந்தால் ராஜ்ஜியமே போகும் என்பது அவரது வாதம். முஸ்லிம்கள் மீது உனக்குச் சாய்வு இருக்கிறது என்று ரெனால்ட் குத்திக் காட்டியதாக வரலாற்றாசிரியர் இப்னுல் அதீர் எழுதுகிறார். நானும் உங்களில் ஒருவன்தான், நீங்கள் போனால் நானும் வருவேன் என்பதாகவே ரைமண்டின் பதில் இருந்ததாம்.

அன்று சபையில் ரைமண்டின் வாதம் வென்றது. இங்கேயே இருப்போம் என்று மன்னர் முடிவு செய்தார். எல்லோரும் தூங்கப் போன பின்னர் ஜெராட் தனியாக மன்னரின் கூடாரத்துக்குள் போனார். தண்ணீரைப் பற்றியோ தூரத்தைப் பற்றியோ அவர் கதைக்கவில்லை. யோசனை சொன்னவர் துரோகி, அவர் பேச்சை நம்பலாமா என்று கேட்டார். அது போதுமாக இருந்தது. விடியும் முன்னர் படை புறப்படக் கட்டளை பிறந்தது. ஏன் மனம் மாறினீர்கள் என்று கேட்ட பிரபுக்களுக்கு மன்னரிடம் பதில் இருக்கவில்லை.

மிச்சக் கதை எமக்குத் தெரியும். ஜூலை 3ஆம் திகதி முழுவதும் தாகத்துடன் நடந்தார்கள். இரவு தண்ணீரின்றிக் கழிந்தது. மறுநாள், 1187 ஜூலை 4ஆம் திகதி, ஹிஜ்ரி 583இல், ஹித்தீன் குன்றுகளின் அடியில் காய்ந்த புல்லுக்குத் தீ வைக்கப்பட்ட புகையின் நடுவே அந்தப் படை அழிந்தது. நிலத்துக்கு உரியவர் என்ற வழமைப்படி முன்னணியில் சென்றவர் ரைமண்ட். அவர் குதிரைகளை விட்டுத் தாக்கியபோது, ஸலாஹுத்தீனின் சகோதரர் மகன் தகியுத்தீன் தனது வரிசையைத் திறந்து அவரைப் போக விட்டார். மீண்டும் வரிசை மூடிக்கொண்டது. திரும்பி வர வழியில்லை. அவர் சூர் நகருக்கும் பின்னர் தராபுலுஸுக்கும் போனார். பின்னணியில் இருந்த பாலியன் போன்ற பிரபுக்களும் அன்று தப்பினார்கள். ஆனால் தப்பியதற்காகத் துரோகி என்ற பெயர் பெரும்பாலும் ரைமண்டின் தலையிலேயே விழுந்தது.

கீ கைதியானார். ரெனால்டை ஸுல்தான் தன் கையாலேயே தண்டித்தார். ஜெராட்டும் கைதியாகிப் பின்னர் விடுதலை பெற்றார். எஷிவா கோட்டையை ஒப்படைத்தபோது ஸலாஹுத்தீன் அவரையும் அவரது ஆட்களையும் பொருட்களையும் பாதுகாப்பாகக் கணவரிடம் போக விட்டார். அக்டோபர் 2ஆம் திகதி பைத்துல் முகத்தஸ் மீண்டும் எமது கைக்கு வந்தது.

அந்த வருட இலையுதிர் காலத்தில் ரைமண்ட் தராபுலுஸில் நோயுற்று இறந்தார். துக்கத்தால் இறந்தார் என்றும் எழுதியிருக்கிறார்கள். இறந்த பின்னரும் விடவில்லை. உடலைப் பார்த்தபோது கத்னா செய்யப்பட்டிருந்தது, இரகசியமாக முஸ்லிமாகிவிட்டார் என்று மேற்கில் கதை பரப்பினார்கள். பதில் சொல்ல அவர் உயிருடன் இல்லை. தோல்விக்குக் காரணம் தேடிய ஒரு சமூகத்துக்கு, கட்டளையிட்ட மன்னரைவிட, இரவில் காதில் ஓதிய ஜெராட்டைவிட, வேண்டாம் என்று சொன்ன மனிதரைக் குற்றம் சாட்டுவது சுகமாக இருந்தது. அவரை ஃபிரங்கிகளில் மிகத் துணிவும் நல்ல யோசனையும் உள்ளவர் என்று எழுதியவர் எதிர்த்தரப்பைச் சேர்ந்த இப்னுல் அதீர்.

அவர்களது அந்தப் பிழையினால் நன்மை அடைந்தவர்கள் நாம். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அதே பிழையை நாம் செய்தால் நன்மை அடைபவர்கள் யார் என்று யோசிக்க வேண்டாமா? ஹுதைபிய்யா உடன்படிக்கை எழுதப்பட்டபோது பெரும் ஸஹாபாக்களின் மனமும் கலங்கியது என்பதை நாம் ஒவ்வொரு வருடமும் பயானில் கேட்கிறோம். அந்த உடன்படிக்கைதான் மக்கா வெற்றிக்கு வாசலைத் திறந்தது என்பதையும் கேட்கிறோம். கேட்டுவிட்டு வெளியே வந்து, தேர்தல் மேடையிலும் பள்ளிவாசல் நிருவாகத் தெரிவிலும் முகநூலிலும் துரோகி என்ற சொல்லை மிட்டாய் மாதிரி வாரி இறைக்கிறோம்.

உண்மையான துரோகம் உலகில் இல்லை என்று நான் சொல்லவில்லை. நம்பி ஒப்படைத்த அமானிதத்தை விற்றவன் துரோகிதான். அவனுக்கு அந்தப் பெயர் போக வேண்டும் என்றால், ஆதாரம் வேண்டும், விசாரணை வேண்டும். ஒரு யோசனை பிடிக்கவில்லை என்றால் அந்த யோசனைக்குப் பதில் சொல்ல வேண்டும். தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பதுதான் அன்று சஃபூரிய்யாவில் கேட்கப்பட வேண்டிய கேள்வி. சொன்னவன் யார் என்ற கேள்வியோடு அந்தப் படை தாகத்தில் நடந்தது.

கூட்டம் முடிந்து இரண்டு வாரங்களின் பின்னர் அந்த ஹாஜியாரைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். தேநீர் தந்தார். காணிப் பிரச்சினையைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. நான்தான் பேச்சை எடுத்து, அன்று எழுந்து ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்ததற்காக மன்னிப்புக் கேட்டேன். இனிமேல் கூட்டங்களுக்கு வருவதில்லை என்று முடிவெடுத்துவிட்டதாகச் சொன்னார். எமது ஊருக்கு நேர்ந்த நட்டம் வழக்கில் தோற்பதோ வெல்வதோ அல்ல, இதுதான் என்று எனக்குப் பட்டது. அடுத்த கூட்டத்துக்கு அவரை நான் வந்து அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. ஆனாலும் போவேன், இன்ஷா அல்லாஹ்.